பொருளுக்கு முன் ஓசை

பள்ளித் தமிழ்ப் பாடநூலில் செய்யுள் ஒருபோதும் தனியே வருவதில்லை. சொல்லும் பொருளும், பாடலின் பொருள், நூல்வெளி, இலக்கணக்குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம் என அதைச் சூழ்ந்து வருபவை பல. புதிதாகப் பணியேற்ற ஆசிரியர் எட்டடிப் பாடலை இரண்டு நிமிடத்தில் படித்து முடித்து, எஞ்சிய பாடவேளை முழுவதையும் இவற்றுக்கே கொடுத்துவிடுகிறார். மாசிமகத்துக்குப் புறப்படும் பெருமாளைக் காட்டிலும் பரிவாரமே கண்ணை நிறைப்பது போன்றது இது.

இம்முறை தலைகீழானது என்பதை அறிய, ஸ்ரீமுஷ்ணத்து ஆசிரியர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பூவராகர் கோயிலால் புகழ்பெற்ற இவ்வூருக்குத் திருமுட்டம் என்றும் பெயருண்டு. பெருமாள் ஊர் என்றே பலரும் அறிந்த இத்தலத்தில் அருணகிரிநாதர் முருகனைத் திருப்புகழ் பாடியிருக்கிறார். திருப்புகழ்ப் பதிப்புகளில் பாடலின் தலைப்பில் 'தத்தன தனன தானன' என்பது போன்ற ஒரு வரி நிற்கும். சந்தக்குழிப்பு எனப்படும் அது, குறிலும் நெடிலும் வல்லினமும் மெல்லினமும் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டு ஓசையாகின்றன என்பதைப் பொருளற்ற எழுத்துகளால் காட்டும் வாய்பாடாகும். படிப்பவரிடம் பொருளைத் தருமுன் ஓசையைத் தந்துவிடும் ஏற்பாடு அது.

அப்பாடல்கள் பிழைத்த கதை இன்னும் சுவையானது. ஏடுகளிலும் பாடுவோர் நாவிலும் சிதறிக்கிடந்த திருப்புகழைத் திரட்டி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சிடத் தொடங்கிய வ.த. சுப்பிரமணிய பிள்ளை, புலமையால் பிழைத்தவரல்லர். நீதிமன்றப் பணியில் இருந்து மாவட்ட முன்சீப்பாக உயர்ந்தவர். கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் சிறப்புக்குச் சான்றாகத் திருப்புகழ் அடிகளை எடுத்துக்காட்ட, அவற்றில் மனம் பறிகொடுத்த அவர் பின்னர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். வழக்கை இன்று நினைப்பவர் அரியர். சாட்சியாக வந்த பாட்டோ நிலைத்துவிட்டது. அன்று நீதிமன்றத்தில் எவரும் அவ்வடிகளுக்குப் பகுபத உறுப்பிலக்கணம் கூறியிருக்க மாட்டார்கள் என்று நம்பலாம்.

1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் புதிய தமிழாசிரியராக நுழைந்த உ.வே. சாமிநாதையருக்குக் கைகொடுத்தவற்றுள்ளும் இசை ஒன்று. அவருடைய ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு மாணவரின் இசைப்பயிற்சி உவப்பாக இல்லாமையால், கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் கற்றுவந்த பாடத்தை அவர் இடையில் நிறுத்த நேர்ந்தது. ஆயினும் சங்கீத வித்துவானாகிய தந்தையின் வழிவந்த இசையறிவு அழியவில்லை. இராகத்தோடு அவர் படித்த செய்யுள் மாணவர்களை ஈர்த்தது. புலமை ஒதுக்கச் சொன்னதை வகுப்பறை வரவேற்றுக்கொண்டது.

இதனால் இலக்கணம் வேண்டாததாகிவிடாது. அடிகளை அசையாகவும் சீராகவும் பிரித்துத் தேமா, புளிமா என வாய்பாடு கூறும் அலகிடுதல், காதில் விழுந்த ஓசைக்கு எழுதப்படும் கணக்கேயாகும். கேளாத ஓசைக்குக் கணக்கு எழுதச் சொல்லும்போதுதான் குழந்தைக்குச் செய்யுள் கசக்கிறது. ஆகவே புதிய ஆசிரியர்கள் முதல் பாடவேளையில் பாடலை வாய்விட்டுப் பலமுறை படித்து, வகுப்பையும் உடன் படிக்கச் செய்வார்களாக. வினாத்தாளுக்கு வேண்டியவற்றை மறுநாள் சொல்லிக்கொள்ளலாம்.