பின்னத்தில் தொடங்கும் பயம்

"எனக்குக் கணக்கே வராது" என்பவர்களிடம் எந்த இடத்தில் வராமல் போனது என்று கேட்டுப் பாருங்கள். பலரும் பின்னத்தில் வந்து நிற்பார்கள்.

ஆறாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தாள். மேலே மேலோடு, கீழே கீழோடு. முழு எண்ணில் பழகியதைத்தான் இங்கேயும் செய்திருக்கிறாள், பாவம். மீ.சி.ம. எடு என்று சொல்லியிருந்தால் விடை வந்திருக்கும்; விஷயம் புரிந்திருக்காது.

"2/5 பாதியை விடப் பெருசா, சின்னதா?"

"சின்னது. அஞ்சுல பாதி ரெண்டரை ஆச்சே."

"பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா குறையுமா?"

சிரித்துவிட்டாள். ஒரு தாளை நெடுக்கில் இரண்டாகவும் குறுக்கில் மூன்றாகவும் மடித்தோம். ஆறு கட்டங்கள். பாதிக்கு மூன்று, மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டு. 5/6 என்று அவளே சொன்னாள்.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். பாடத்தை முடிக்க ஓடும் ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வேகத்தைத் திறமை என்று நினைப்பது நம் வீடுகளிலும் இருக்கிறது. பதற்றத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிந்த வாய்ப்பாடும் மறந்துபோகும்.

விடை தப்பா? உடனே திருத்தாதீர்கள். "எப்படிப் போட்டே?" என்று முதலில் கேளுங்கள்.