அறிவியல் வாத்தியாரும் 36-ஆம் நம்பர் பல்லும்

நான்கு நாளாக இந்தப் பக்கம் ஆளையே காணோமே, உடம்புக்கு முடியவில்லையா என்று நண்பர்கள் சிலர் போனில் கேட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. பல் பிடுங்கினேன், அவ்வளவுதான். ஆனால் இந்த 'அவ்வளவுதான்' என்று சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆனது. அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தைப்பூச வாரம். பழனி பாதயாத்திரைக் கூட்டம் நம் திண்டுக்கல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. தெருக்காரர்களோடு மோர்ப் பந்தலில் நின்றவன், யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு கடலை மிட்டாயைக் கடித்தேன். (சர்க்கரை வியாதிக்காரன் கடலை மிட்டாய் தின்றது தனிக் குற்றம். அதற்கான விசாரணை வீட்டில் முடிந்துவிட்டது.) இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு மூலை பெயர்ந்து மிட்டாயோடு வந்தது. ஏற்கனவே சொத்தைதான்.

அன்றே போயிருக்க வேண்டும். போகவில்லை. முதலில் வெயில் குறையட்டும் என்றேன். அப்புறம் பேத்தி லீவுக்கு வருகிறாள் என்றேன். ஆடி மாதத்தில் பல் பிடுங்கக்கூடாது என்றுகூடச் சொன்னேன். அப்படி ஒரு சாஸ்திரம் எங்குமே கிடையாது, நானே உண்டாக்கியது. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்துக்கொண்டு, வலது பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டினேன். கிராம்பில் இருக்கும் யூஜினால் நரம்பைக் கொஞ்சம் மரக்கடிக்கும், சொத்தையை ஒன்றும் செய்யாது. இதை வகுப்பில் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். 34 வருடம் அறிவியல் ஆசிரியர். பல்லின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.

போன மாதம் ஒரு நாள் காலையில் கன்னம் வீங்கிக் கிடந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. சாப்பாட்டுக்கு முன் பார்த்த சர்க்கரை 260. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை, என்னைத்தான் கோபித்துக்கொண்டார். "சார், பல்லுல சீழ் இருந்தா சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறுனா சீழ் ஆறாது. ரெண்டும் ஒண்ணையொண்ணு தூக்கிவிடும். வீக்கம் தாடைக்குக் கீழ எறங்குச்சுன்னா மூச்சுக்குழாயை அடைக்கும். அப்புறம் மதுரைக்கு ஆம்புலன்ஸ்லதான் போகணும்." பக்கத்தில் நின்ற துணைவியார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆட்டோவில் வரும்போதுதான், "என்னங்க, என்னதான் உங்களுக்குப் பயம்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

தெரியும். சொல்லத்தான் வெட்கம்.

1966. எனக்கு ஒன்பது வயது. வத்தலக்குண்டு சந்தை. கோணிச் சாக்கை விரித்து ஒருவர் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு துணியில் பிடுங்கிய பற்கள் குவிந்து கிடக்கும். அவருக்கு அதுதான் விளம்பரப் பலகை. அப்பா என் காலைப் பிடித்துக்கொண்டார், பெரியப்பா தலையை. ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை, குறடு மட்டும்தான். வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன். வாய்க்குள் அவர் கை இருந்ததால் அது சொல்லாக வெளியே வரவில்லை. பிடுங்கிய பல்லை அந்தக் குவியலில் போட்டுக்கொண்டார். அதைக்கூட எனக்குத் தரவில்லை. இத்தனைக்கும் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரன் 1943-லேயே லிக்னோகெயினைக் கண்டுபிடித்துவிட்டார். 1948-ல் அது விற்பனைக்கும் வந்துவிட்டது. சந்தைக் கோணிக்குத்தான் வந்து சேரவில்லை.

இந்தப் பழைய பயத்துக்குப் புதிதாக ஒரு துணையும் கிடைத்தது. வாணியம்பாடிச் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அங்கே ஒரு பல் கிளினிக்குக்குப் போய்வந்த பத்துப் பேருக்கு 2023-ல் மூளையைத் தாக்கும் பாக்டீரியாத் தொற்று வந்து, எட்டுப் பேர் இறந்துவிட்டார்கள். மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதிய அறிக்கை 2025-ல் வெளிவந்தது. சலைன் பாட்டிலைச் சுத்தம் செய்யாத கருவியால் திறந்து, அரைகுறையாக மூடி வைத்து, மறுபடியும் மறுபடியும் பயன்படுத்தியிருக்கிறார்கள். வாட்ஸப்பில் அது எனக்கு ஏழு முறை வந்தது. ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி, போகாமல் இருக்க நல்ல காரணம் கிடைத்ததே என்று. எட்டு உயிர் போன செய்தியை நான் அப்படித்தான் பயன்படுத்தினேன்.

கோவையிலிருந்து மகள் போனில் சொன்னாள்: "அப்பா, பயமா இருக்குன்னு மொத்தமாச் சொல்லாதீங்க. எது எதுக்குப் பயம்னு தனித்தனியா எழுதுங்க." வாத்தியாருக்கே வீட்டுப்பாடம்! காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினேன். ஊசி. எலும்பு நொறுங்குகிற மாதிரி சத்தம். கருவி சுத்தமா? மருந்து பிடிக்காமல் போனால்? கடைசியாக, நிறுத்தச் சொல்ல முடியாதே.

அந்தத் தாளோடுதான் போனேன். பல் டாக்டர் என் மகளைவிடச் சின்னப் பெண். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, "நல்லதாப் போச்சுய்யா, நான் கேக்க வேண்டியதையெல்லாம் நீங்களே எழுதிட்டு வந்துட்டீங்க" என்றார்.

அன்றைக்குப் பிடுங்கவில்லை. சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடுதல், மரக்கும் ஊசி சரியாக வேலை செய்யாது. ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டு வீக்கமும் சர்க்கரையும் இறங்கிய பிறகு, காலை நேரத்தில் வாருங்கள் என்றார். முழு மயக்கம் இல்லையென்பதால் வெறும் வயிற்றோடு வரவேண்டாம், இட்லி சாப்பிட்டு, வழக்கமான மாத்திரைகளையும் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார். மத்தியானம் வரை உட்கார்ந்து பயந்துகொண்டிருக்காமல் காலையிலேயே முடித்துவிடுவது எவ்வளவு நல்லது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கருவிகளை ஒட்டிய உறையோடு எடுத்து வந்து, என் கண்முன்னால் கிழித்தார். ஆட்டோகிளேவையும் காட்டச் சொன்னேன், காட்டினார். பெரிய பிரஷர் குக்கர்தான். 121 டிகிரி, 15 நிமிடம். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும் என்று எத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன்! ஊசி மருந்தும் புதிது. நீங்களும் கேளுங்கள் நண்பர்களே. கேட்டால் நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பல்லுக்கு நம்பர் உண்டு என்பதும் தெரிந்துகொண்டேன். என்னுடையது 36. வாயில் இருப்பதே 32, அதில் 36 எப்படி என்று மடக்கினேன். இடது கீழ் வரிசைக்கு 3, அதில் நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது பல் என்பதால் 6. ஆறு வயதில் முளைக்கிற பல். 62 வருடம் எனக்காக உழைத்திருக்கிறது.

எதைச் செய்தாலும் முதலில் சொன்னார், பிறகு காட்டினார், அப்புறம்தான் செய்தார். அதற்கு 'சொல், காட்டு, செய்' என்றே பெயராம். குழந்தைகளுக்காக 1959-ல் ஆடல்ஸ்டன் என்ற பல் டாக்டர் எழுதிவைத்த முறை. 68 வயதிலும் வேலை செய்கிறது. "ஊசி போட்டா வலி தெரியாது, ஆனா அழுத்துறது தெரியும். அழுத்தம் தெரியுதுன்னு மருந்து பிடிக்கலைன்னு நெனைச்சுறாதீங்க. சத்தமும் கேக்கும்." வலியைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்பிழைதான் முதலில் அடங்கும், அழுத்தத்தைக் கொண்டுபோகும் தடித்த இழை அவ்வளவு எளிதில் அடங்காது. இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும்.

கடைசிப் பயத்துக்கு அவர் சொன்ன வழி: "இடது கையைத் தூக்குங்கய்யா. ஏன்னு கேக்க மாட்டேன், உடனே நிறுத்திருவேன்."

பாதி உதடும் பாதி நாக்கும் மரத்துப்போன பிறகு வேலை ஆரம்பித்தது. தாடைக்குள் ஏதோ நெறிகிற சத்தம். வலியில்லை. ஆனால் வத்தலக்குண்டு சந்தை அப்படியே கண்முன் வந்துவிட்டது. கை தானாக மேலே போனது. உடனே எல்லாம் நின்றது. கருவியை வெளியே எடுத்து, என் தோளில் கை வைத்துக் காத்திருந்தார்.

அந்த அரை நிமிடத்தில் எனக்கு நினைவு வந்தது அப்பா அல்ல. ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பையன். பெயர் வேண்டாம். பரீட்சை நாளில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, இன்னொரு கையைத் தூக்கிக்கொண்டே இருந்தான். "கையை எறக்குடா, பல்வலிக்கெல்லாம் வீட்டுக்கு அனுப்ப முடியாது" என்றேன். எறக்கினான். பரீட்சை முடியும்வரை எழுதினான். மறுநாள் முகம் வீங்கி, ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. வந்தபோது நான் விசாரிக்கவும் இல்லை. இப்போது ஐம்பதை நெருங்கியிருப்பான். எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியவில்லை.

தலையை ஆட்டினேன், தொடர்ந்தார். அதற்குப் பிறகு மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. "முடிஞ்சுச்சுய்யா" என்றார். நான் நம்பவில்லை. பல்லைத் தட்டில் வைத்துக் காட்டினார். கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் பஞ்சைக் கடித்தபடி இருந்தேன். அன்றைக்குத் துப்பக்கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக்கூடாது. குழியில் உறையும் ரத்தம் பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரிந்து, அதன் பிறகுதான் நிஜமான வலி வரும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். குளிர்ச்சியாக ஏதாவது சாப்பிடலாம், ஐஸ்கிரீம்கூட என்று டாக்டரே சொன்னார். துணைவியாருக்கு அந்த இடம் மட்டும் காது கேட்கவில்லையாம். ஃபிரிட்ஜில் வைத்த மோரும் ஆறிய ரசம் சாதமும்தான் கிடைத்தன. சர்க்கரை இன்று காலை 138.

மேல் வரிசையில் இன்னொன்று இருக்கிறது, அதைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார். வேர் சிகிச்சை. வருகிற செவ்வாய் காலை பத்தரைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு என்னைக் கடைவீதியில் யாராவது பார்த்தால், கையோடு கூட்டிப்போய் விட்டுவிடுங்கள்.