எஃப் கார்டும் ஷில்லாங் வாத்தியாரும்

ஷில்லாங்கின் ராக் இசையைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்: லூ மஜாவ். நியாயம்தான். பாப் டிலன் பிறந்த மே 24ஆம் தேதியை 1972 முதல் ஆண்டுதோறும் கச்சேரி வைத்துக் கொண்டாடி வருபவர் அவர். மேகாலயா தனி மாநிலமானதும் அதே 1972இல்தான். மாநிலத்துக்கும் அந்தக் கச்சேரிக்கும் ஒரே வயது. 2007 டிசம்பரில் ஜெர்மனியின் ஸ்கார்பியன்ஸ் குழு இந்த மலையேறி வந்து வாசித்துவிட்டுப் போனது. எனக்கு மேடையைவிட, மேடைக்கு ஆள் தயாராகும் இடத்தைப் பார்க்கத்தான் ஆசை. பள்ளிக்கூடப் பையன் கையில் கிட்டாரைக் கொடுத்து, அவன் அப்பா பிறப்பதற்கு முன்னால் வந்த பாட்டை அவன் விரலில் ஏற்றுகிறவர் யார், எப்படி ஏற்றுகிறார்? குவாஹாத்தியிலிருந்து ஷேர் சுமோவில் நூறு கிலோமீட்டர் போல மலைப்பாதையில் குலுங்கிப் போய்ச் சேர்ந்தேன்.

ஷில்லாங்கின் லைத்தும்க்ரா பகுதியில் தையல் கடைக்கு மேலே பலகைச் சுவர் வைத்த அறை. பள்ளி விட்டதும் முதுகில் கிட்டார் உறையோடு பிள்ளைகள் படியேறி வருகிறார்கள். வாத்தியாருக்கு அறுபது தாண்டிவிட்டது. பிள்ளைகள் ‘பாஹ்’ என்று கூப்பிடுகிறார்கள். பெரிய மனிதர்களை இங்குள்ள காஸி மக்கள் அப்படித்தான் அழைப்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பால் இல்லாத சிவப்புத் தேநீர் வந்தது, கூடவே குவாய். நம் வெற்றிலைப் பாக்குதான். ஆனால் பாக்கு பச்சையாக இருப்பதால் வாயில் போட்ட கொஞ்ச நேரத்தில் காது மடல் சூடாகிறது.

முதல் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான்: டிலன் 1973இல் வெளியிட்ட ‘நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்’. ஜி, டி, ஏ மைனர், அடுத்த சுற்றில் ஜி, டி, சி. நாலே கார்டு, அதாவது நாலே சுரக்கூட்டு, பாட்டு முழுக்க அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஜி பிடித்தான், மீட்டினான், நிறுத்தினான், விரல்களை ஒவ்வொன்றாகத் தேடி வைத்து டி பிடித்தான், மீட்டினான். பாஹ் அவன் இடது கையைப் பார்க்கவே இல்லை.

“வலது கை ஏன் நின்றது?”

“விரல் இன்னும் போய்ச் சேரவில்லை, பாஹ்.”

“சேராவிட்டால் போகட்டும். நீ நிற்காதே. இடது கை தப்பினால் பாட்டு கொஞ்சம் அசிங்கமாக இருக்கும். வலது கை நின்றால் பாட்டே இல்லை.”

பிறகு அவர் கொடுத்த பயிற்சி: இடது கையைத் தந்திகள் மேல் சும்மா படுக்க வைத்துவிட்டு, வலது கையால் டக்டக்கென்று நாலு எண்ணிக்கை விடாமல் அடிக்க வேண்டும். சுரமே கேட்காது. அந்தக் கை தானாக ஓடத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு சுற்றிலும் சமத்தில் மட்டும் கார்டு விழ வேண்டும். மூன்று விரல் வைக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் விழுந்ததா, பரவாயில்லை. ஆனால் சமத்தில் விழ வேண்டும். நம் ஊரில் தாளம் போடாமல் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் கிடையாது. கிட்டார் என்று வந்தால் மட்டும் இடது கை விரல் படத்தை அச்சடித்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

இடது கைக்கு அவர் சொன்னது ஒரே ஒரு சூட்சுமம். ஜி கார்டில் மோதிர விரலை இரண்டாம் தந்தியில் மூன்றாம் கட்டத்தில் (ஃப்ரெட்டில்) வைக்கச் சொல்கிறார், சுண்டு விரல் அதன் கீழே முதல் தந்தியில். அடுத்து டி. அதிலும் மோதிர விரல் அதே தந்தி, அதே கட்டம். எடுக்கவே வேண்டாம், மற்ற விரல்கள் அதைச் சுற்றி இடம் மாறிக்கொள்கின்றன. சி கார்டையும் அந்த விரலை எடுக்காமல் பிடிக்கலாம், அதில் ஒரு சுரம் கூடுதலாகச் சேர்ந்து இன்னும் நன்றாகவே இருக்கும். ஏ மைனர் வரும்போதுதான் மோதிர விரல் மேலே எழ வேண்டும். பையன்கள் தடுமாறுகிற இடம் அதுதான். பாஹ் எல்லோரையும் அந்த ஒரு மாற்றத்தைத்தான் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார். கைக்கு எளிதாக வருகிற இடத்தையே வாசித்துக்கொண்டிருக்க விடுவதில்லை.

கார்டு என்பது நம் காதுக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கிற விஷயம். நமக்குச் சுரங்கள் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் வரும்; கார்டில் மூன்று ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. ஜி ஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்தால் ஜி கார்டு என்பது ஸ, க, ப. டி என்பது ப, நி, ரி. சி என்பது ம, த, ஸ. ஏ மைனர் ரி, ம, த. டிலன் பாட்டின் நாலு கார்டும் சங்கராபரணத்தின் ஏழு சுரத்தைத் தாண்டவில்லை. இளையராஜா வந்த பிறகு தமிழ்க் காதும் இதற்குப் பழகிவிட்டது. சென்னையில் கிட்டார் வகுப்புக்குப் போகிற பிள்ளை முதலில் கேட்பது 1982இல் வந்த ‘இளைய நிலா’வைத்தான். ஆனாலும் நாம் அதைப் பாட்டுக்குப் பின்னணியாகக் கேட்டுப் பழகியவர்கள்.

காஸி மலையில் கதை வேறு. 1841இல் வேல்ஸிலிருந்து தாமஸ் ஜோன்ஸ் என்ற பாதிரியார் சிரபுஞ்சிக்கு வந்தார். காஸி மொழியை ரோமன் எழுத்தில் எழுத வைத்தவர் அவர். அவர் பின்னால் வந்தவர்கள் நாலு குரல் பாட்டையும், டோ, ரே, மி என்று எழுத்திலேயே சுரம் எழுதும் முறையையும் கொண்டுவந்தார்கள். இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டி ஒரு குரல், அப்பா ஒரு குரல், பேத்தி ஒரு குரல் என்று பிரித்துப் பாடுகிறார்கள். கார்டுக்குள் ஒரு சுரமாக நின்று வளர்ந்த பிள்ளைக்குக் கார்டு மாறுவது உடம்பிலேயே தெரியும். பாஹ் வகுப்பில் ஜி, சி, டி என்று அதிகம் பேசுவதில்லை. “இப்போது ஃபாவுக்குப் போ, இப்போது சோ” என்கிறார். ஒரு பெண் தன் குரலுக்கு ஜி எட்டவில்லை என்றதும் இரண்டாம் கட்டத்தில் கேப்போ என்ற கவ்வியை மாட்டிக்கொண்டு அதே விரல்களோடு ஏ சுருதியில் பாடினாள். கார்டுக்குப் பெயர் மாறியது. டோ, ஃபா, சோ மாறவில்லை. ஷில்லாங் ஏன் ராக் ஊரானது என்பதற்கு மலை, குளிர், கிழக்கு-மேற்கு என்று பலரும் பல காரணம் சொல்கிறார்கள். எனக்குத் திருப்தி தந்த காரணம் ஆராதனைப் பாட்டின் இந்தச் சுர எழுத்து முறைதான்.

பாட்டைக் கேட்டுப் பிடிப்பதில் பாஹ் கறார். விரல் எண் எழுதிய தாளைப் பார்த்து வாசிக்க விடமாட்டார். அவர் இளவட்டமாக இருந்தபோது தாள் ஏது? எல்பி இசைத்தட்டை முப்பத்து மூன்றில் ஓடவிடாமல், பழைய கிராமபோன்களில் இருந்த பதினாறு வேகத்துக்குத் தள்ளுவார்களாம். வேகம் சரிபாதி ஆகிவிட்டால் சுருதி மிகச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். சுரத்தின் பெயர் மாறாது. முடுக்கிவிட்ட லீட் வாசிப்பைக்கூட விரலால் எண்ணிப் பிடித்துவிடலாம். இன்று கைப்பேசியே அதைச் செய்கிறது. ஆனால் முதல் வேலை இன்றும் அதுவேதான்: பாட்டில் எல்லாவற்றுக்கும் அடியில் ஒலிக்கிற பேஸ் சுரத்தை வாயால் முனகு, அதை ஆறாம் தந்தியில் தேடு, பிறகு மேஜரா மைனரா என்று கேள்.

இதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் பாட்டு, அனிமல்ஸ் குழு 1964இல் பதிவு செய்த ‘ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்’. திஸ்ர நடையில் தந்திகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டுகிற பாட்டு. ஏ, சி, டி, எஃப் என்று பேஸ் படியேறுவது யாருக்கும் கேட்கும். லெட் செப்பெலினின் ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ (1971) தொடக்கத்தில் இதற்கு நேர் எதிர். ஏ-யிலிருந்து பேஸ் அரை அரைச் சுரமாகக் கீழே இறங்கும். பையன்களுக்கு இதன் மேல் தீராத மோகம். அரை நிமிடம் அற்புதமாக வாசிப்பார்கள், அப்புறம் நின்றுவிடும். ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ கதையும் அதுதான். 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரில் சூதாட்ட விடுதி ஒன்று எரிந்ததைப் பார்த்து டீப் பர்ப்பிள் குழு எழுதிய பாட்டு. அதன் முகப்பை உலகமே ஒற்றைத் தந்தியில் வாசிக்கிறது. அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் அதை இரண்டு தந்திகளில், பிக் இல்லாமல் விரலால் கிள்ளி வாசிப்பார். பாஹ் அதைக் காட்டியபோது வகுப்பு கொஞ்சம் அமைதியானது.

எஃப் கார்டு வந்த நாளில்தான் எனக்கு இந்தத் தொழிலின் இன்னொரு பாதி தெரிந்தது. ஆள்காட்டி விரலை முதல் கட்டத்தில் ஆறு தந்திக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டிய கார்டு. பலர் கிட்டாரைக் கீழே வைப்பது இந்த இடத்தில்தான். ஒரு மாணவி விரல் வெளுக்க அழுத்தியும் சத்தம் வரவில்லை. பாஹ் விரலைத் திருத்தாமல் கிட்டாரை வாங்கினார். கீழ்த்தந்தியை மூன்றாம் கட்டத்தில் அழுத்திக்கொண்டு முதல் கட்டத்துக்கு மேலே நகத்தால் தட்டிப் பார்த்தார். “இது உன் தப்பில்லை, கிட்டார் தப்பு” என்று சொல்லி போலீஸ் பஜார் பக்கம் ஒரு பழுதுக்காரரிடம் அனுப்பினார். நானும் கூடப் போனேன்.

அந்தக் கடை ஆளுயர அகலம்தான் இருக்கும். சுவரில் கிட்டார்களுக்கு நடுவே காஸி மக்களின் நாலு தந்தி துய்தாரா தொங்குகிறது; அந்தக் காலத்தில் அதற்கு முகா பட்டு நூல்தான் தந்தி. பழுதுக்காரர் ஸ்கேலை வைத்துப் பன்னிரண்டாம் கட்டத்தில் தந்தியின் உயரத்தைப் பார்த்தார். இரண்டரை மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் நாலு. உருக்குத் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு எழுபது கிலோவுக்குக் குறையாது. மழைக்காலத்தில் ஈரம் குடித்த மேல்பலகை அந்த இழுப்புக்கு உப்பிக்கொடுக்கும், தந்தி மேலே போய்விடும். சிரபுஞ்சிக்குப் பக்கத்து ஊரில் இது ஆண்டுதோறும் வருகிற வேலை.

தந்திகளைத் தளர்த்தி, பிரிட்ஜில் செருகியிருந்த வெள்ளைப் பட்டையை உருவி, அதன் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்தார். பன்னிரண்டாம் கட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் இங்கே இரண்டு மில்லிமீட்டர் தேய வேண்டும்; தந்தியின் சரிபாதியில் அல்லவா அந்தக் கட்டம் இருக்கிறது? பிறகு தலைப்பக்கத்து நட். தந்தி உட்காரும் பள்ளங்களை அறுக்க வெளிநாட்டில் தனி அரம் விற்கிறார்கள், விலை அதிகம். இவர் வைத்திருப்பது கேஸ் வெல்டிங் முனையைச் சுத்தம் செய்கிற மெல்லிய கம்பி அரங்கள். ஒவ்வொரு தந்திக்கும் ஒரு தடிமன். இரண்டு இழுப்பு, தந்தியைப் போட்டுப் பார்ப்பது, இன்னும் ஒரு இழுப்பு. தாள் நுழைகிற இடைவெளி போதும். ஒரு இழுப்பு கூடிவிட்டால் தந்தி கட்டத்துக் கம்பியில் உரசி ஜிர்ரென்று அழும். அப்புறம் எலும்புத்தூளும் பசையும் வைத்து அடைத்து மறுபடி முதலிலிருந்து. ஒரு மணி நேரத்துக்கும் மேலான வேலைக்கு அவர் வாங்கியது ஒரு நல்ல தந்தி செட்டின் விலைகூட இல்லை.

விரல் வலிக்கிறது என்று வருகிற பிள்ளைகளுக்குப் பழுதுக்காரர் சொல்லும் கதை, பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமியுடையது. பர்மிங்காமில் தகரத் தொழிற்சாலையில் பதினேழு வயதில் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்துக்குக் கொடுத்தவர். இடது கைக்காரர் என்பதால் அடிபட்ட வலது கைதான் அவருக்குத் தந்தி அழுத்துகிற கை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டு, மெல்லிய தந்தி போட்டு, பின்னாளில் சுருதியையும் இறக்கி வாசித்தார். அந்தக் குழுவின் கனத்த ஒலிக்கு அதுவும் ஒரு காரணம்.

மறுநாள் அந்த எஃப் கார்டு மாணவிக்கு பாஹ் விரல் பாடம் எடுத்தார். எஃப் கார்டில் ஆள்காட்டி விரல் ஆறு தந்தியையும் அழுத்துவதாக நினைப்பதே தவறு என்றார். நடுவில் மூன்று தந்திகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆள்காட்டிக்கு வேலை ஒன்று, இரண்டு, ஆறு, இந்த மூன்று தந்திகளில்தான். விரலின் சதைப்பக்கத்தை விட்டு எலும்புப் பக்கமாகக் கொஞ்சம் உருட்டி வைக்க வேண்டும். கட்டைவிரலால் நசுக்காமல் முழங்கையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அதுவும் முடியாதவருக்கு கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் வழி இருக்கிறது: கிட்டாரின் கழுத்துக்கு மேலாகக் கட்டைவிரலைக் கொண்டுவந்து ஆறாம் தந்தியைப் பிடிப்பது. அவள் பிடித்தாள். ஒரு தந்தி மட்டும் செத்து ஒலித்தது, மற்ற ஐந்தும் பேசின. ‘ரைசிங் சன்’னை அன்று முதல்முறையாகக் கடைசி வரை வாசித்தாள்.

மேகாலயா அரசு பொது இடங்களில் வாசிக்கிற உள்ளூர்க் கலைஞர்களுக்கு ஊதியம் கொடுக்கிற திட்டம் ஒன்றை நடத்துகிறது. நல்ல திட்டம். அது மேடைக்கானது. மாடி அறையில் சமம் தப்பாமல் அடிக்கச் சொல்லித் தருகிறவரும், சந்துக் கடையில் அரம் பிடிக்கிறவரும் பிள்ளைகள் கொடுக்கும் கட்டணத்தில்தான் காலம் தள்ளுகிறார்கள். பாஹ் கல்யாண வீடுகளிலும் வாசிக்கிறார். பழுதுக்காரரின் மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை.

எஃப் கார்டு வரவில்லை என்று கிட்டாரைப் பரணில் போட்டவர்கள் நம் ஊரிலும் ஏராளம். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். புதிது வாங்காதீர்கள், விரலையும் நொந்துகொள்ளாதீர்கள். இறக்கித் துடைத்து, நட்டும் பிரிட்ஜும் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் முதலில் கொண்டுபோங்கள். அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.