மாவின் மேல் போட்ட பழி

இடியாப்பம் நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இறங்கியதற்கு என்னிடம் அச்சு வாங்கிய இடியாப்பக்கார அக்காவின் மாவு காரணமில்லை. நான் கடைந்து கொடுத்த நைலான் அச்சுத் தட்டுதான் காரணம். அவர் வந்து கேட்ட அன்றே அது எனக்குத் தெரியும். தெரிந்தும், "மாவுப் பக்குவம் தப்பியிருக்கும்க்கா, வெந்நீரைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க" என்றேன்.

மதுரை புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு புஷ், மோட்டார் சாஃப்ட் வேலைகளோடு, சேவு, முறுக்கு, இடியாப்பம் போட்டு விற்பவர்களுக்கு அச்சுத் தட்டும் செய்து தருவேன். பித்தளைதான் வழக்கம். ஆனால் லேத்தில் எளிதாக வெட்டுப்படும் பித்தளை ராடில் இரண்டு மூன்று சதவீதம் ஈயம் இருக்கும். அது தெரிந்தவர்கள் 304 எவர்சில்வர் கேட்க ஆரம்பித்தார்கள். அதில் ஒன்றரை மி.மீ. துளை போடுவது சாமானிய வேலையில்லை. பிட் வெட்டாமல் உராய்ந்தால் அந்த இடமே இறுகிவிடும், பிட் ஒடியும். நைலானில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. துரு இல்லை, எடை இல்லை, விலையும் கம்மி என்று சொல்லி நைலான் தட்டை விற்றேன். சொன்ன மூன்றும் உண்மை. சொல்லாமல் விட்டதில்தான் என் குற்றம் இருக்கிறது.

நைலான் 6 தண்ணீரில் நன்றாக ஊறினால் தன் எடையில் ஒன்பது சதவீதம் வரை குடித்து உப்பும். பம்பு புஷ் கடையும்போது அதற்காகவே இடைவெளி கூட்டி வைப்பவன் நான். காய்ந்த நைலானின் விறைப்பே பித்தளையில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். ஊறினால் அதிலும் பாதிக்குக் கீழே போகும். இடியாப்ப மாவோ கொதிநீர் விட்டுப் பிசைந்தது. சூடு, ஈரம், அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் தட்டு கீழ்ப்பக்கம் புடைத்து, நடுத் துளைகளின் வாய் அகலும். ஒட்டிய மாவைக் கத்தியால் சுரண்டினால் நைலானும் சீவலாக உரியும். அந்தச் சீவல் யார் வயிற்றுக்குப் போனதோ, நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

இத்தாலியில் பாஸ்தா பிழியும் அச்சுகளிலும் பிளாஸ்டிக் உண்டு. வெண்கலத்தில் பிழிந்தால் மேற்பரப்பு சொரசொரப்பாக வரும், சாஸ் நன்றாக ஒட்டும். டெஃப்லான் என்ற பிளாஸ்டிக்கில் வழவழப்பாக, வேகமாக இறங்கும். ஆனால் அங்கே டெஃப்லான் துளைவாயில் பொருத்தும் சிறு துண்டு மட்டுமே. அழுத்தத்தைத் தாங்குவது உலோகம். இதையும் அறிந்தவன்தான் தட்டு முழுவதையும் நைலானில் செய்தேன். காசுக்காகச் செய்தேன்.

அக்கா என் பேச்சை நம்பி அரிசியை மாற்றினார், திரிக்கும் மில்லை மாற்றினார். காலை வாடிக்கை சிலது கைவிட்டுப் போனது. கடைசியில் பரணில் கிடந்த பழைய பித்தளை அச்சை இறக்கி, அதே மாவைப் பிழிந்து பார்த்திருக்கிறார். சண்டைக்கு வரவில்லை. "தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். காலமெல்லாம் மாவு பிசைந்த ஒருவரை அவருடைய கைப்பக்குவத்தையே சந்தேகப்பட வைத்தேன். தட்டுக்கு மாற்றுத் தட்டு கொடுத்துவிட்டேன். அந்தச் சந்தேகத்துக்கு ஈடாகக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

என்னிடம் நைலான் தட்டு வாங்கியவர்கள் இனி அதில் பிழிய வேண்டாம். கொண்டுவந்து கொடுத்துவிட்டு எவர்சில்வர் தட்டு வாங்கிப் போங்கள், காசு வேண்டாம். பட்டறை வைத்திருக்கும் மற்றவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: மாவை அழுத்திப் பிழியும் தட்டை முழு நைலானில் செய்து கொடுக்காதீர்கள்.