வாசப்படி வரைக்கும்

எங்க தெருவில் முதலில் டி.வி. வாங்கியது ஒரே ஒரு மாடி வீட்டுக்காரர்கள். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' என்றால் பிள்ளைகளுக்கு உள்ளே தரையில் இடம். அம்மாவுக்கு வாசப்படி. மீன் விற்றுவிட்டு வந்து, குளித்து, தலைக்குப் பூ வைத்துக்கொண்டுதான் அங்கே போவாள். ஆனாலும் அந்த வீட்டம்மா, "காத்தா இருக்கு, நீ அங்கயே உக்காரும்மா" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. நிலையம் சேப்பாக்கத்தில். பாலவாக்கத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள்தான், சிக்னலுக்குப் பஞ்சமில்லை. பெட்டிக்குத்தான் பஞ்சம். அப்போ நாங்க பஞ்சாயத்து. மாநகராட்சியில் சேர்ந்ததே 2011-ல். குப்பத்தில் பாதி வீடு கூரை. மின்சாரம் இருந்த வீட்டிலும் சாயங்காலமானால் குண்டு பல்பு மஞ்சளாக மினுக்கும்.

கடல்காத்து உப்பு ஆன்டெனாவை அரித்துவிடும். படம் புள்ளி புள்ளியானால் ஒருத்தன் மாடியேறித் திருப்ப வேண்டும். கீழிருந்து "தெரியுது... ஐயோ போச்சு... அங்கயே வை" என்று கத்துவார்கள். ஏறுகிறவன் நான். உள்ளே முன்வரிசை கிடைத்ததும் அதனால்தான். அங்கே உட்கார்ந்தபின் ஒருமுறைகூட வாசல் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. யாராவது "அது உங்கம்மாவா?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

2006 தேர்தலில் தி.மு.க. இலவச கலர் டி.வி. தருவதாகச் சொன்னது. கொஞ்ச நாள் கழித்து, ரேஷன் கார்டைக் காட்டி எங்களுக்கும் ஒரு பெட்டி வாங்கினோம். 14 இஞ்ச். பெட்டி இலவசம், கேபிளுக்கு மாசாமாசம் காசு. கடலுக்குப் போகாத வாரங்களில் கேபிள்காரரைக் கண்டால் அப்பா பின்பக்கமாகப் போய்விடுவார். (இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதியதாகத் தெரியவில்லை.)

பெட்டி வந்த அன்று சாயங்காலம் அம்மா பாய் விரித்தாள், இரண்டு. பக்கத்து வீட்டுக்குச் சேர்த்து டீ போட்டாள். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, எங்க வீட்டு வாசப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"உள்ள வாம்மா."

"இருடா. இங்க இருந்தாதான் யாரு வராங்கன்னு தெரியும். உள்ள கூப்டு உக்கார வெக்கணும்ல."

தெரு முழுக்க அதே வாரம் பெட்டி வந்திருந்தது. எல்லா வீட்டிலும் ஒரே சீரியல் சத்தம். ஒன்பதரை வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். டீ ஆறிப்போனது.