அரண்மனையும் அப்பாவின் கத்தியும்

1993-ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில், எங்கள் தோட்டத்து மக்கள் ஆளுக்குக் கொஞ்சம் வெள்ளி போட்டு ஒரு பஸ் பிடித்தோம். குளுவாங் பக்கமிருந்து ஜொகூர் பாருவுக்கு ஒரு நாள் பயணம். புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு விடியுமுன்னே கிளம்பினோம். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டிய என் அம்மாவும் உடன் வந்தார்.

நாங்கள் பார்க்கப் போனது 'இஸ்தானா பெசார்'. சுல்தான் அபு பாக்கார் 1866-இல் கட்டிய பெரிய அரண்மனை. ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி நிற்கிறது; அக்கரையில் சிங்கப்பூர். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் புல்வெளியும் பூச்செடிகளும்.

"இதுவும் தோட்டந்தான், நாம இருக்கிறதும் தோட்டந்தான்!" என்றார் அம்மா. எல்லாரும் சிரித்துவிட்டோம்.

அரண்மனை எழுந்த காலத்தில் ஜொகூரின் செல்வம் மிளகும் காம்பியரும்தான். சீனர்கள் ஆற்றங்கரைகளில் காடு வெட்டிப் பயிரிட்டார்கள். ரப்பரும், அதன் பின்னே நம்மவர்களும் பெருந்திரளாக வந்தது 20-ஆம் நூற்றாண்டில். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

அரண்மனையின் ஒரு பகுதி அப்போது அருங்காட்சியகமாகத் திறந்திருந்தது. சிம்மாசனம், வெள்ளிப் பாத்திரங்கள், படிகக் கண்ணாடியால் செய்த மேசை நாற்காலிகள் எல்லாம் கண்டு வியந்தோம். பிள்ளைகள் வேட்டைப் புலியை விட்டு நகரவில்லை. அம்மாவோ ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னே நின்றுவிட்டார்.

"பக்கத்துல என்னமோ எழுதி வெச்சிருக்காங்களே, என்னம்மா அது?"

"யாருடைய பொருள், எந்த வருஷத்தது என்று எழுதியிருக்கிறதம்மா."

"எழுதி வெச்சாத்தான் பொருளு பேசும் போல" என்றார். அதன் பிறகு வீடு வந்து சேரும் வரை அவர் அதிகம் பேசவில்லை.

அன்றிரவு லயத்து வீட்டில், கட்டிலுக்கடியிலிருந்த தகரப் பெட்டியை அம்மா இழுத்தார். துணியில் சுற்றிய ஒரு பழைய கத்தியை எடுத்தார். மறைந்த என் அப்பா மரம் வெட்டிய கத்தி. தீட்டித் தீட்டித் தேய்ந்து பாதியாகியிருந்தது.

"எழுதும்மா, உங்கப்பா பேரு. எந்த வருஷத்துலருந்து எந்த வருஷம் வரைக்கும் வெட்டினாருன்னும் எழுது."

பிள்ளையின் பள்ளி நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, அப்பாவின் பெயரையும், '1949 முதல் 1984 வரை' என்றும் எழுதிக் கொடுத்தேன். அம்மா அதைக் கத்தியோடு சேர்த்துச் சுற்றி வைத்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தத் தாளை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

சில ஆண்டுகளில் தோட்டம் கைமாறியது. லயங்களை இடித்துச் செம்பனை நட்டார்கள். நாங்கள் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். அம்மாவும் இன்று இல்லை. நாங்கள் வாழ்ந்த இடத்தைக் காட்ட அங்கே ஒரு செங்கல்கூட மிச்சமில்லை.

ஆனால் என் பேரன், "இது யாருடைய கத்தி, பாட்டி?" என்று கேட்டபோது நான் திணறவில்லை. தாளை விரித்தேன், அவனே எழுத்துக்கூட்டிப் படித்தான்.

அரசர்களின் பொருளைக் காக்க அரண்மனை இருக்கிறது. நம் பெற்றோரின் பொருளுக்கு நாம்தான் காவல். உங்கள் வீட்டிலும் ஒரு வாளியோ, மங்கோ, பழைய கத்தியோ கிடக்கும். தூக்கி எறியுமுன் ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதி வையுங்கள்.