பலாலிக்குப் போன பிரயாணம்

அம்பத்தூரில் குடியேறி வாழும் யாழ்ப்பாணத்தான் யான். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 355 கிலோமீட்டரே உண்டு. இரண்டும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் அமைந்தவை. நேர் தெற்கே பறந்தாற் போதும். ஆயினும், 2017-இல் அன்னையார் நோயுற்றனரென்ற செய்தி வந்தபோது இவ்வழி திறந்திருக்கவில்லை. எம்மூரின் அட்சரேகையையும் கடந்து, கட்டுநாயக்கா வரை சுமார் 650 கிலோமீட்டர் பறந்தேன். பின்னர் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வடக்கே பேருந்தில் திரும்பினேன். ஊரை அடையுமுன்னரே தகனம் முடிந்துவிட்டது.

2019-இல் தொடங்கிப் பெருந்தொற்றினால் நின்றுபோன பலாலி விமானப் போக்குவரத்து 2022 டிசம்பரில் மீண்டது. மறு ஆண்டு யானும் ஏறினேன். அம்பத்தூரினின்று மதுரவாயல், போரூர் வழியே மீனம்பாக்கம் சேர இரண்டு மணி நேரம் பிடித்தது. (மழைநாளில் போரூரைக் கடந்தவர் இதனை நம்புவர்.) விமானமோ ஒன்றரை மணிக்குள் இறங்கிவிட்டது, படிக்கவெனக் கொண்டுபோன நூலில் ஓர் அதிகாரமும் முடியவில்லை.

வாயிலில் நின்ற தமக்கையார், "தம்பி, இவ்வளவு கெதியாய் வந்திட்டியே!" என்றனர். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டனர். யான் காலணியைக் கழற்றுவதில் நெடுநேரம் போக்கினேன்.